வெள்ளிக்கிழமை கழுவாத வீடு

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது. வாய்விட்டுச் சிரிப்பாள். வாசலில் நின்று பால்காரனோடு மல்லுக்கு நிற்பாள். என் அண்ணன் தம்புசாமி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், அவர் முதல் கவளத்தை எடுப்பதற்குள் தன் தட்டில் பாதியைக் காலி செய்திருப்பாள். பசித்தது, சாப்பிட்டேன், இதில் என்ன என்பாள். அண்ணனும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

என் பெயர் தங்கமணி. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெட்டியைத் தானே வாங்கி உள்ளே வைத்தாள். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

சீதாலெட்சுமி என்ற லட்சணமான பெயர் அவளுக்கு. சுங்கை வே பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். முதல் வீட்டில் கருவாடு சுட்டால் கடைசி வீட்டுக்காரனுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு ஆள் எண்ண வேண்டும் என்று கதவைத் தட்டுவார்கள். அவளுடைய அப்பா ஒருநாள் கங்காணியை எதிர்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டார். அன்று சாயங்காலமே, கொட்டுகிற மழையில், அவர்களுடைய சட்டி பானைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அரிசி நனைந்ததையும், அம்மா அதைப் புடவையால் மூடியதையும் அண்ணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அழமாட்டாள், பல்லைக் கடிப்பாள்.

அண்ணன் பெண் பார்க்கப் போனபோது இவள் தலையைக் குனியாமல் ஒன்றே ஒன்று கேட்டாளாம். லயத்தில் குடித்தனம் நடத்தச் சொல்ல மாட்டீர்களே? அண்ணன் செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குப் பலகை அடிக்கிற வேலையில் இருந்தார். மரம் அறுக்கத் தெரியும், ஆணி அடிக்கத் தெரியும். நானே வீடு கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்தபடி கட்டினார். நிலம் சர்க்காருடையது, வீடு நம்முடையது. உடைசல் செங்கல்லை அடுக்கித் தூண் எழுப்பி, அதன்மேல் மரச்சட்டம் போட்டு, மெராந்திப் பலகையால் தரையும் சுவரும் அடித்த வீடு. தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி. முன்னால் நாலு படி, பின்னால் மண்ணோடு மண்ணாகச் சமையல் கொட்டகை. கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டிய அன்று அண்ணி அதைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டே இருந்தாளாம். அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது.

இருபத்தாறாம் வருஷத்து வெள்ளம் எங்கள் தரைப்பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. போகும்போது வீட்டுக்கு அடியில் சேற்றை நிரப்பிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்தார். கனகசபை என்று யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளைக் கால்சட்டை, கையில் கூரான ஒரு இரும்புக் கம்பி. குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தார். கூடத்தைத் தாங்குகிற சட்டத்தில் கம்பியை வைத்து அழுத்தினார். கம்பி பாதிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது மரத்தூளும் வெள்ளை வெள்ளையாகக் கரையானும் கொட்டின. அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"சட்டத்த மாத்துங்கோ. கரையான் ஏறாமப் பாருங்கோ," என்றார் அண்ணனிடம். "நான் திரும்ப வருவன். அப்பவும் இப்பிடியே கிடந்தா வீட்ட இறக்கச் சொல்லி எழுதத்தான் வேணும். இடிஞ்சு விழுந்து ஆக்கள் செத்தா ஆர் பொறுப்பு?"

வீட்டை இறக்கினால் நாங்கள் மூன்று பேரும் எங்கே போவது? ரயில்வே கூலி லயத்தில் ஓர் அறை கிடைக்கும், அவ்வளவுதான். அன்று ராத்திரி அண்ணி சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. பட்டறைக் கூட்டாளிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து, ஜாக்கி வைத்து வீட்டைத் தூணுக்குத் தூண் லேசாகத் தூக்கி, இற்றுப்போன சட்டங்களை மாற்றினார். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒவ்வொரு தூணின் தலையிலும் தொப்பி மாதிரி கவிழ்த்து, ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்துவிட்டார். தூணுக்குத் தார் பூசினார். கரையான்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. தாரின் மேலேயே மண்ணைக் குழைத்துப் பூசிப் பாதை போட்டு, தகரத்தின் மடிப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டு மேலே ஏறின.

எதிர்வீட்டு வள்ளியம்மாள்தான் காரணம் கண்டுபிடித்தாள். ரயில் பாதைக் கூலிகளை மேய்க்கிற மண்டோர் பழனியப்பனுடைய மனைவி அவள். எங்கள் சந்தில் எந்த வீட்டில் காது குத்தினாலும் கருமாதி நடந்தாலும் அவள் சொல்கிறபடிதான் நடக்கும். இந்த வீட்டில் சுத்தம் போதவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் கழுவினால் பற்றாது, செவ்வாய்க்கிழமையும் மஞ்சள் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள், எல்லாம் ஓடிவிடும் என்றாள்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது நமக்கு ரத்தத்தில் ஊறிய காரியம். ஊரில் மண்தரை, சாணம் போட்டு மெழுகுவோம். இங்கே பலகை, மெழுக முடியாது. ஆகவே குழாயடியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினோம். தண்ணீர் தானாகவே பலகை இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். வாரி எடுக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், என்ன சௌகரியம் என்று எங்களுக்குள் பெருமை வேறு. வள்ளியம்மாள் சொன்ன பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஊற்றித் தள்ளினோம். மஞ்சள் வாசம் வீடெல்லாம் கமகமத்தது. கரையான் முன்னைவிட மும்முரமாக ஏறியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி தார்ச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் போயிருந்தாள். எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ஒரு குடத்தைக் கூடத்தில் கவிழ்த்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம்.

"நிறுத்து தங்கமணி. நிறுத்து."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். மஞ்சள் தண்ணீர், தார், சேறு எல்லாம் முகத்தில். திட்டப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனாள். நானும் தவழ்ந்தேன், வேறு வழி? உள்ளே பலகை இடுக்குகளிலிருந்து நான் ஊற்றிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அது விழுகிற இடமெல்லாம் மண் ஊறிக் குழைந்து கிடந்தது. அங்கே நின்ற தூண் ஒவ்வொன்றிலும் விரல் தடிமனுக்குக் கரையான் பாதை. பிறகு என்னை மூலைக்கு இழுத்துப் போனாள். அது பெட்டியும் அரிசிப் பானையும் இருக்கிற அறைக்கு நேர்கீழே. பெட்டி நனைந்துவிடும் என்று அந்த அறையில் மட்டும் நான் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அங்கே மண் பொடியாகக் காய்ந்திருந்தது. தூணில் கரையான் தடமே இல்லை.

"நம்மதான் இதுங்களுக்குத் தண்ணி காட்டி வளக்கிறோம்," என்றாள் அண்ணி. "ஆடு மாட்டுக்குக் காட்டுற மாதிரி. வாரா வாரம். இப்ப வாரத்துக்கு ரெண்டு வேளை."

வெளியே வந்ததும் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். இனிமேல் இந்தப் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. கூட்டலாம், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். வெள்ளிக்கிழமையானாலும் சரி, பொங்கலானாலும் சரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை கழுவாத வீட்டில் லட்சுமி எப்படி நிற்பாள் என்று கேட்டேன்.

"வீடே இல்லன்னா லட்சுமி எங்க நிப்பா?" என்றாள்.

நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். அண்ணனிடம் போய் முறையிட்டேன். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். அவள் சொல்வது சரியா என்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் கழுவிக் கழுவி வந்த லட்சணத்தைத்தான் பார்த்தாகிவிட்டதே என்றார். அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் பார்த்து, கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டுக்கு அடியிலும் விறகு, தேங்காய் மட்டை, உடைந்த தொட்டில், பழைய பலகை என்று எத்தனையோ கிடந்தன. அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டாள். ஒரு பாம்பு போனது. எலிகள் குடும்பம் குடும்பமாகப் போயின. வள்ளியம்மாளின் கோழிகள் அங்கேதான் அடைகாத்துக்கொண்டிருந்தன, அவற்றையும் துரத்தினாள். வெள்ளம் கொண்டுவந்த சேற்றைச் சுரண்டி எடுத்தாள். கோழி போகாமலிருக்கப் பக்கவாட்டில் அடித்திருந்த பலகைகளைப் பிடுங்கி எறிந்தாள். இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது, காற்று தாராளமாகப் போய்வந்தது. அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்த் தூண்களைச் சுற்றிக் கொட்டினாள். தினமும் காலையில் புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, கையில் துடைப்பக்கட்டையோடு உள்ளே தவழ்ந்து போவாள். ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்ப்பாள். புதிதாக மண்தடம் இருந்தால் தட்டி உதிர்த்துவிட்டு வருவாள்.

ஒரு குடும்பப் பெண் பட்டப்பகலில் நாய் மாதிரி வீட்டுக்கு அடியில் நுழைந்து வருகிறாளே என்று சந்தே வாயில் கைவைத்தது. வள்ளியம்மாளுக்குக் கோழி விஷயத்தில் ஏற்கெனவே மனக்கசப்பு. குழாயடியில் அவள் பேசாத பேச்சில்லை. வீட்டுக்குள் கழுவமாட்டாளாம், வீட்டுக்கு அடியில் மட்டும் கூட்டுவாளாம், மூதேவியைக் குடிவைக்கப் படுக்கை போடுகிறாள் என்றாள். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றியபோது எங்கள் வீட்டுக் கூழை ஒருத்தியும் வாங்கவில்லை. எனக்கே அண்ணி மேல் கோபம்தான். அதற்காக அடுத்தவள் பேசினால் பொறுக்குமா? எங்கள் வீட்டுக் கூழ் எங்களுக்கே பற்றாது என்று சொல்லிவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அன்று முழுக்கக் கூழைக் குடித்தே எங்கள் மூன்று பேருக்கும் வயிறு உப்பிப்போனது.

கரையான் குறைந்தது. சொல்லத்தானே வேண்டும். முதலில் எல்லாத் தூணிலும் இருந்த தடம், பிறகு இரண்டு மூன்று தூணில் மட்டும் வந்தது. பிறகு அவள் சும்மா துடைப்பக்கட்டையோடு போய்ச் சும்மா வந்தாள். வெளியே வந்து அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். அவர் தலையை ஆட்டுவார். புருஷனும் பொண்டாட்டியும் அப்படி ஒரு பாஷை வைத்திருந்தார்கள்.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷக் கடைசி மழையில் அண்ணன் நெஞ்சுச் சளியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் வைத்தும் பிழைக்கவில்லை. பொட்டலம் மாதிரி சுருங்கிப்போன உடம்பைக் கொண்டுவந்து கூடத்தில், அவரே அடித்த பலகைமேல் கிடத்தினார்கள். என் அண்ணனைப் பற்றி இதற்குமேல் என்னால் எழுத முடியாது.

அழவந்தவர்கள் அழுததோடு நிற்கவில்லை. கழுவாத வீடு ஆளை வாங்கிவிட்டது என்று என் காதுபடவே சொன்னார்கள். அண்ணி காதிலும் விழுந்திருக்கும். அவள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய அண்ணன் ரெங்கசாமி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக இருந்தார். நல்ல மனிதர். அவர்தான் ஓடியாடி எல்லாம் செய்தார். மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் புறப்பட்டார்கள். பறைச்சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது.

பிணம் போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். கழுவி, கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும். மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்துப் பெண்கள் குழாயடியில் வரிசையாகக் குடங்களை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள், முன்னால் வள்ளியம்மாள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவள் வன்மத்தோடு வரவில்லை. என் அண்ணனுக்காக அவள் அழுது கண் வீங்கியிருந்தது. எங்களுக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூலையில் தலைவிரிகோலமாகக் கிடந்த அண்ணி எழுந்தாள். வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் விரித்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, வழிய விடு," என்றாள் வள்ளியம்மாள் முதல் படியில் கால் வைத்து.

"தண்ணி உள்ள வரக்கூடாது அக்கா."

"பொணம் கெடந்த எடம்டி. இன்னிக்குமா ஒன் புடிவாதம்? கழுவாம வெளக்கு ஏத்தினா அவன் போற எடத்துக்கு எப்படிப் போவான்?"

"அவரு எங்கயும் போவட்டும். அவரு கட்டின வீடு இருக்கணும்."

பெண்கள் கூட்டம் சலசலத்தது. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். வள்ளியம்மாள் அண்ணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நீ கூடப்பிறந்தவள், உன் ரத்தம், நீ சொல், கழுவட்டுமா வேண்டாமா என்றாள். எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. என் அண்ணன் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு இருக்காதா? முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கழுவுங்கள் என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு கையை எடுத்துவிட்டு, தானே படி இறங்கிக் கீழே போனாள். வாசல் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தீட்டு எனக்குத்தான். பலகைக்கு என்ன தீட்டு? கொண்டாந்த தண்ணியெல்லாம் என் தலையில ஊத்துங்க. எத்தினி கொடமானாலும் ஊத்துங்க. நா எந்திரிக்கல."

வள்ளியம்மாள் இடுப்பில் குடத்தோடு அப்படியே நின்றாள். நான் படியிறங்கிப் போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை பலர் கேட்டுவிட்டார்கள். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள், அதனால் உட்கார்ந்தேன்.

வள்ளியம்மாள் குடத்தைத் தூக்கினாள். கோபத்தில் ஊற்றினாளா, துக்கத்தில் ஊற்றினாளா தெரியாது. முதல் குடம் அண்ணி தலையில், அடுத்த குடம் என் தலையில். வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக ஊற்றினார்கள். மூச்சுத் திணறியது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விரல் நோகப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். குடங்கள் காலியான பிறகு எழுந்து, பின்கொட்டகைக்குப் போய் மாற்றுப்புடவை கட்டிக்கொண்டு, கூடத்தைக் கூட்டி, பிழிந்த துணியால் துடைத்து, விளக்கை ஏற்றினாள். மயானத்திலிருந்து வந்தவர்கள் அந்த விளக்கைத்தான் பார்த்தார்கள்.

கருமாதிக்கு முன்பே இன்ஸ்பெக்டர் கனகசபை வந்துவிட்டார். துக்க வீடு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி, பிறகு வருகிறேன் என்றார். ரெங்கசாமிதான், வந்தது வந்தீர்கள், பார்த்துவிட்டே போங்கள் என்றார். அவருக்கு ஒரு கணக்கு. வீட்டை இறக்க உத்தரவாகிவிட்டால் தங்கை தானாகக் கிள்ளானுக்கு வந்துவிடுவாள். கெட்ட எண்ணம் இல்லை, தங்கை கண்ணெதிரே இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

கனகசபை குனிந்து பார்த்துக்கொண்டே போனவர், முன்படிக்குப் பக்கத்துத் தூணருகே நின்றுவிட்டார். அங்கே மெலிதாக, ஈரமாக, ஒரு கரையான் தடம் மேலே ஏறியிருந்தது. எங்கள் தலையில் ஊற்றிய தண்ணீர் ஓடித் தேங்கிய இடம் அது. அண்ணி துக்கத்தில் மூலையில் உட்கார்ந்துவிட்டதால் அத்தனை நாளும் யாரும் கீழே போய்ப் பார்க்கவில்லை. பழனியப்பனும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

துக்கம் காக்கிற பெண் வாசல் தாண்டக்கூடாது. அண்ணி தாண்டினாள். எல்லா ஆண்களுக்கும் முன்னால் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்கு முன்னால் தவழ்ந்து தூணண்டை போனாள். ஒரு விரலால் அந்தத் தடத்தை அடியிலிருந்து மேலே வரை உடைத்துக் காட்டினாள். தகரத்தின் மடிப்புக்குக் கீழேயே அது நின்றுபோயிருந்தது.

"தொவான், அவரு செத்ததுலேருந்து நா கீழ எறங்கல. அதான் இந்த ஒண்ணு. மேல ஏறல, பாருங்க. மத்த தூண் எல்லாத்தயும் பாருங்க. கம்பிய எங்க வேணாலும் குத்துங்க."

அவர் குத்தினார், ஒரு சட்டம் விடாமல். சட்டை முதுகெல்லாம் சாம்பலாக வெளியே வந்து, கையைத் தட்டிக்கொண்டார்.

"வீடு நிக்கட்டும்," என்றார். "ஆனா ஒவ்வொரு நாளும் ஆரேனும் இறங்கிப் பாக்க வேணும்."

"நா எறங்குவேன்," என்றாள் அண்ணி.

அன்று சாயங்காலம் ரெங்கசாமி, கிள்ளான் ரயிலுக்கு நேரமானபோது தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீடு நின்றால் போதுமா, ஆண்துணை இல்லாமல் இரண்டு பெண்கள் எப்படிக் காலம் தள்ளுவீர்கள், ஊர் வாய் ஏற்கெனவே நல்லதாக இல்லை, தோட்டத்தில் தனக்கு இரண்டு அறை இருக்கிறது, ஒன்றை உங்களுக்கே ஒதுக்கித் தருகிறேன், தங்கமணியும் வரட்டும், சோற்றுக்குக் குறை வைக்கமாட்டேன் என்றார். ஒரு அண்ணன் இதைவிட என்ன செய்ய முடியும்?

அண்ணி அவரை முழுக்கப் பேசவிட்டாள். இடியாப்பம் பிழிந்து ரயில்வே ஆட்களுக்கு விற்போம், தங்கமணிக்கு மாவு இடிக்கக் கை இருக்கிறது என்றாள். நான் அப்படி ஒரு சம்மதமும் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"அந்த அறை ஒனக்கே சொந்தம் இல்ல அண்ணே," என்றாள் பிறகு. "நீ ஒரு நா எதுத்துப் பேசினா ஒன் சட்டிபானையும் வெளிய வரும். அப்பாவுக்கு வந்திச்சே. இந்த வீட்டுல எந்தத் தூணு எப்படி இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன், அத்தனையும் என் கையால தடவினது. லயத்துல எந்தத் தூணு என்னோடது, சொல்லு."

ரெங்கசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார். அண்ணன் போய்விட்டான், இவளோடு உனக்கு இனிமேல் என்னம்மா உறவு, நீயாவது புத்தியோடு வா என்றார். நான் வரவில்லை என்றேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது, அவர் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போனார்.

கருமாதி கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே சந்தில் எல்லா வீட்டுப் பலகைகளிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் மஞ்சளாக ஓடியது. வள்ளியம்மாள் துடைப்பத்தோடு தன் வாசலில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தாள். புருஷனை இழந்தவள் முன்வாசலில் தலைகாட்டக்கூடாது, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் காலை வேளையில். அண்ணி அப்போதுதான் வீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தாள். வெள்ளைப் புடவையெல்லாம் சாம்பல். கையை உதறிவிட்டு நாலு படியும் ஏறி, நிலையில் முதுகைச் சாய்த்து, காய்ந்த பலகைமேல் இரண்டு காலையும் தெருப்பக்கமாக நீட்டி உட்கார்ந்தாள். பசிக்கிறது, சாப்பாட்டை இங்கேயே கொண்டுவா என்று எனக்குக் குரல் கொடுத்தாள். நான் இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன்.